இரவுப் பாலுக்கு எழும் குழந்தையும் வீட்டாரின் உறக்கமும்

குழந்தைக்கு ஏழு மாதம் ஆன பிறகு பார்க்க வருகிறவர்கள், பல் முளைத்துவிட்டதா, எத்தனை கிலோ இருக்கிறான் என்பவற்றுக்கு அடுத்தபடியாகத் தவறாமல் கேட்பது, "ராத்திரி தூங்க விடுகிறானா?" என்பதுதான். இரண்டு மூன்று முறை பாலுக்கு எழுகிறான் என்று தாய் உள்ளதைச் சொன்னால், "இன்னுமா?" என்ற வியப்பும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு "உனக்குப் பால் பத்தவில்லை போலிருக்கிறது" என்ற தீர்ப்பும் வந்து விழும். அந்த "இன்னுமா"வில் உள்ள கணக்கே தவறானது. கனடாவில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் தொடர்ந்து 6 மணி நேரம் உறங்கவில்லை; ஒரு வயதிலும் 28 விழுக்காட்டினர் அப்படியே இருந்தார்கள். பிரிட்டனில் 2015-இல் வெளியான மற்றோர் ஆய்வில், 6 முதல் 12 மாதம் வரையிலான குழந்தைகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவர்கள் இரவில் ஒரு முறையாவது விழித்தார்கள். அவர்களில் தாய்ப்பால் குடித்தவர்களுக்கும் புட்டிப்பால் குடித்தவர்களுக்கும் இந்த விஷயத்தில் வேறுபாடு தென்படவில்லை. ஆகவே பால் பத்தாததால்தான் எழுகிறான் என்று சொல்லி மாவுப்பால் டப்பா வாங்கி வருவது பெரும்பாலும் பணத்துக்குக் கேடு, உறக்கம் திரும்பாது.

இந்த வழிகாட்டியின் நோக்கம், குழந்தையை விடியும்வரை உறங்க வைப்பது அன்று. எத்தனை முறை எழுகிறது என்பதைக் குறைக்கப் பாடுபடுவதற்கு முன், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் விழித்திருக்கிறது என்பதைக் குறைக்க வேண்டும் என்பதே நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பதினைந்து நிமிடத்தில் முடிகிற மூன்று விழிப்புகளுக்குப் பிறகும் மறுநாள் வேலைக்குப் போக முடியும். நள்ளிரவில் ஒன்றரை மணி நேரம் நீளும் ஒரே விழிப்புக்குப் பிறகு முடியாது.

ஏன் எழுகிறது

பிறந்த சில வாரங்களில் காரணம் எளிமையானது. இரைப்பை சிறியது, தாய்ப்பால் விரைவில் செரித்துவிடுவது. அதனால் ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிப்பது இயல்பு, அதில் இரவு பகல் என்ற பேதம் கிடையாது. பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில் மிகுதியாக இருப்பதால், முதல் மாதங்களில் இரவில் கொடுக்கிற பாலே பகலில் பால் வற்றாமல் காக்கிறது. ஆறு மாதத்துக்குள் இரவுப் பாலை நிறுத்தும் எண்ணமே வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு பசியோடு வேறொன்றும் சேர்ந்துகொள்கிறது. பெரியவர்களின் உறக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. கைக்குழந்தைக்கு ஒரு சுற்று 50 அல்லது 60 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லோருமே அரைகுறையாக விழிக்கிறோம். நாம் புரண்டு படுத்துத் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தொடர்கிறோம், காலையில் அது நினைவில்கூட இருப்பதில்லை. குழந்தையோ, கண் அயர்ந்தபோது தன்னிடம் எது இருந்ததோ அதைத் தேடுகிறது. மார்பில் வாய் வைத்தபடி உறங்கிய குழந்தை மார்பையும், ஆட்டத்தில் உறங்கிய குழந்தை ஆட்டத்தையும் கேட்கும். அந்த அழுகையைப் பசி என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதி உண்மைதான் கைக்கு வரும்.

விழிப்பின் நீளத்தைக் குறைத்தல்

முதல் வேலை, மூன்று இரவுகள் குறித்து வைப்பது. எத்தனை மணிக்கு எழுந்தது, எத்தனை நிமிடம் குடித்தது, மறுபடியும் எப்போது உறங்கியது என்ற மூன்றும் போதும். பாலுக்குக் கணக்கு எழுதும் காலண்டரின் ஓரமே இதற்குப் போதுமானது. என் குறிப்பில் 11.40, 2.50, 5.10 என்று மூன்று விழிப்புகள் இருந்தன. முதலும் மூன்றாவதும் இருபது நிமிடத்தைத் தாண்டவில்லை. நடுவில் உள்ளதுதான் ஆளைக் கொன்றது: குடித்தது 12 நிமிடம், விழித்திருந்தது 1 மணி 20 நிமிடம். ஏன் என்று யோசித்தபோது விடை கூச்சப்படும்படியாக இருந்தது. பால் கொடுத்து முடித்த பிறகு டயாப்பர் கனமாக இருப்பதைக் கவனித்து, டியூப்லைட்டைப் போட்டு, கிரீச்சிடும் பீரோவைத் திறந்து புதியதை எடுத்து, பழையதன் ஒட்டுப் பட்டையைப் பர்ரென்று பிய்ப்பேன். கண் சொருகிக் கிடந்த குழந்தை அந்தச் சத்தத்தில் முழித்து என்னைப் பார்த்துச் சிரிக்கும். நானும் பதிலுக்குச் சிரித்துவிடுவேன். அதன் பிறகு அவனுக்கு விடிந்துவிட்டது என்று பொருள்.

செய்த மாற்றங்கள் மூன்றே. டயாப்பர், துடைக்கும் துணி, மாற்றுச் சட்டை ஆகியவை ஒரு பிளாஸ்டிக் கூடையில் பாய்க்கு அருகே வந்தன. டியூப்லைட்டுக்குப் பதில் மஞ்சள் நிற ஜீரோ வாட்ஸ் பல்பு வந்தது. டயாப்பர் மாற்றுவதைப் பாலுக்கு முன்னோ, ஒரு பக்கம் கொடுத்து மறுபக்கம் மாற்றும் இடைவெளியிலோ வைத்துக்கொண்டேன். மலம் கழித்திருந்தாலோ தோலில் சிவப்பு கண்டிருந்தாலோ அன்றி, இரவில் மாற்றாமல் விட்ட நாள்களும் உண்டு. நான்காம் இரவில் அதே 2.50 விழிப்பு 25 நிமிடத்தில் முடிந்தது. எண்ணிக்கை மூன்றாகவே இருந்தது. ஆனால் நான் காலையில் மனுஷியாக எழுந்தேன்.

இரவில் குழந்தையோடு பேச வேண்டாம், கொஞ்ச வேண்டாம் என்று சொல்வது கல் நெஞ்சாகத் தோன்றலாம். பகல் வேறு, இரவு வேறு என்று அந்தச் சிறு மூளைக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம் வெளிச்சத்தாலும் சத்தத்தாலும்தான் நடக்கிறது. பகலில் ஜன்னலைத் திறந்து வைத்து வெளிச்சத்தில் புழங்கவும், இரவில் மங்கிய ஒளியில் வாய் திறக்காமல் வேலையை முடிக்கவும் பழகினால், இரண்டு மூன்று மாதத்துக்குள் அந்தப் பேதம் அதற்குப் பிடிபடத் தொடங்கும். பால் கொடுத்துக்கொண்டே கைப்பேசியைப் பார்ப்பது குழந்தையைவிடத் தாயின் உறக்கத்தைத்தான் அதிகமாகக் கெடுக்கிறது.

அழுகைக்கு எப்போது எழ வேண்டும் என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குழந்தைகள் உறக்கத்திலேயே முனகும், முக்கும், கைகாலை உதைக்கும், சில நேரம் கண்ணைக்கூடத் திறக்கும். முதல் முனகலுக்கே வாரி எடுத்தால், உறங்கிக்கொண்டிருந்த குழந்தையை நாமே எழுப்பியதாகிவிடும். ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் தலையைப் பக்கவாட்டில் திருப்பி வாயால் தேடுவதும் கையைச் சப்புவதும் தொடங்கிவிட்டால் அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. வீறிட்டு அழுத குழந்தை காற்றை விழுங்கி, குடிக்கவும் நேரமெடுத்து, ஏப்பம் விடவும் நேரமெடுத்து, பாதிப் பாலை எதுக்களிக்கும்.

புட்டிப்பால் கொடுக்கிறவர்களுக்கு ஆயத்தம் இன்னும் முக்கியம். கொதிக்க வைத்த நீரை நல்ல பிளாஸ்கில் ஊற்றி வைக்கலாம். மாவுப்பாலில் கிருமி இருக்க வாய்ப்புண்டு என்பதால் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்கி, பிறகு ஆற்றிக் கொடுக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரு வேளைக்கு வேண்டிய மாவை முன்பே அளந்து சிறு டப்பாவில் போட்டு வைத்தால், தூக்கக் கலக்கத்தில் எத்தனை கரண்டி போட்டோம் என்று மறக்கிற ஆபத்து இருக்காது. குடித்தது போக மிஞ்சியதை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கவே கூடாது. பீய்ச்சி வைத்த தாய்ப்பால் 25 டிகிரி வரையிலான அறைச் சூட்டில் 4 மணி நேரம் தாங்கும் என்கிறார்கள்; நம் ஊர் மே மாத இரவில் கூடம் அந்தச் சூட்டுக்கு இறங்குவதே இல்லை என்பதால், குளிர்சாதனப் பெட்டியின் உட்புறத்தில் வைத்து, 4 நாளுக்குள் பயன்படுத்துவதே சரி. அந்தப் பாலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்திச் சூடாக்க வேண்டும். மைக்ரோவேவ் ஆகாது, அது ஓரிடத்தில் கொதிக்கவும் மற்றோரிடத்தில் சில்லென்று இருக்கவும் செய்துவிடும்.

படுத்தபடி பால் கொடுப்பதும் தூளியும்

ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கப் பழகிய தாய்க்கு இரவு பாதி இலகுவாகிவிடும். வயிற்றில் தையல் போட்டவர்களுக்கு வேறு வழியே இல்லை எனலாம். "படுத்துக் கொடுத்தால் காதுக்குள் பால் போய்விடும்" என்று அதட்டும் பாட்டியிடம் வாதாட வேண்டாம். குழந்தையின் தலை மட்டும் திரும்பாமல், உடல் முழுவதும் தாயைப் பார்த்துத் திரும்பியிருந்தால் பெரும்பாலும் சிக்கல் வராது. அதைவிடக் கவனிக்க வேண்டியது படுக்கை. அமுங்காத, தட்டையான விரிப்பு வேண்டும். நம் கோரைப்பாயும் அதன் மேல் இறுக்கி விரித்த பருத்திப் புடவையும் இதற்கு மோசமில்லை. இலவம்பஞ்சு மெத்தையில் குழந்தை புதைந்துபோகும். அருகில் தலையணை, கனத்த போர்வை எதுவும் இருக்கக் கூடாது. குடித்து முடித்ததும் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். வீட்டில் புகைபிடிப்பவரோ, அன்று மது அருந்தியவரோ, மயக்கம் தரும் மருந்து உட்கொண்டவரோ குழந்தையோடு ஒரே படுக்கையில் படுக்கக் கூடாது. குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்த குழந்தைக்கும், நான்கு மாதம் நிரம்பாத குழந்தைக்கும் தனிப் படுக்கையைத் தாயின் கைக்கெட்டும் தூரத்தில் போடுவதே பாதுகாப்பு. எல்லாவற்றிலும் ஆபத்தானது, சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ உட்கார்ந்து கொடுத்துக்கொண்டே தூங்கிவிடுவது. தூங்கிவிடுவோம் என்ற ஐயம் இருந்தால், சோபாவை விட்டு, ஆயத்தம் செய்த படுக்கைக்குப் போய்விட வேண்டும்.

தூளியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமை பெறாது. உத்தரத்துக் கொக்கியில் அம்மாவின் பழைய நூல் புடவையைக் கட்டி ஆட்டினால் ஐந்து நிமிடத்தில் கண் மூடாத குழந்தை அபூர்வம்; பகல் உறக்கத்துக்கு, ஆள் பக்கத்தில் இருக்கும்போது, அதைப் போன்ற உதவி வேறில்லை. ஆனால் இரவு முழுவதும் தூளி என்பது இரண்டு காரணங்களால் சரிவராது. ஒன்று, துணி குழிந்து தாடை மார்பில் அழுந்தும்போது சிறு குழந்தைக்கு மூச்சு தடைப்படலாம். கவிழத் தெரிந்த குழந்தையோ உள்ளே சிக்கிக்கொள்ளலாம், எட்டி விழலாம். மற்றொன்று, முன்பு சொன்ன உறக்கச் சுற்று. ஆட்டத்தில் உறங்கிய குழந்தை ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஆட்டம் நின்றிருப்பதைக் கண்டு அழும். கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு படுத்தபடியே விடியவிடிய ஆட்டும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய குழந்தைகள் பசியால் எழவில்லை. மாற்ற நினைத்தால் ஒரே இரவில் தூளியை அவிழ்க்க வேண்டாம். முதல் உறக்கத்தை மட்டும், அதாவது எட்டு மணி வாக்கில் உறங்கப் போவதை மட்டும், பாய்க்கு மாற்றித் தட்டிக்கொடுத்தும் தாலாட்டியும் ஒரு வாரம் பழக்கலாம். அது படிந்த பிறகு நள்ளிரவு விழிப்புகளில் கை வைக்கலாம்.

பகலில் செய்ய வேண்டியவை

இரவுப் பசியின் கணக்கு பகலில்தான் தீர்கிறது. நான்கைந்து மாதத்தில் குழந்தைக்கு உலகம் வேடிக்கையாகிவிடுகிறது. காகம் கத்தினால் திரும்பும், குக்கர் விசிலுக்குத் திரும்பும், இரண்டு மடக்குக் குடித்துவிட்டு வாயை எடுத்துவிடும். பகலில் விட்டதை இரவில் அமைதியாக, கண்ணை மூடிக்கொண்டு, முழுமையாகக் குடிக்கும். பகலில் இரண்டு வேளையாவது கதவைச் சாத்திய அறையில் தனியாக வைத்துக் கொடுத்தால் இது ஓரளவு குறையும்.

வேலைக்குத் திரும்பும் தாய்க்கு இதே சிக்கல் பெரிதாக வரும். 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தத்தில் வந்தபடி முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வார விடுப்பு உண்டு. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம். 26 வாரத்தில் சில வாரங்களைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்தவர், குழந்தைக்கு ஐந்து மாதத்திலேயே அலுவலகம் போக வேண்டியிருக்கும். பகலில் பாட்டி பாலாடையிலோ டம்ளரிலோ கொடுப்பதை வேண்டாவெறுப்பாகக் குடித்துவிட்டு, தாய் வந்த பிறகு இரவெல்லாம் ஈடுகட்டும் குழந்தைகள் ஏராளம். அது பசி பாதி, ஏக்கம் பாதி. கிளம்புவதற்குச் சற்று முன் ஒரு முறை, வந்து கைகால் கழுவியதும் வேறெந்த வேலையும் பார்க்காமல் ஒரு முறை, தாய் உறங்கப் போகுமுன் ஒரு முறை என்று மூன்று நிறைவான வேளைகளை நிலைநிறுத்தினால் இரவின் நெருக்கடி தணியும்.

ஆறு மாதம் முடிந்ததும் திட உணவு வந்துவிடுகிறது. இங்கே நம் வீடுகளில் நடக்கும் ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். பருப்புத் தண்ணீர், கஞ்சித் தண்ணீர், ரசத்தில் கரைத்த சாதம் என்று நீர்க்க நீர்க்கக் கொடுப்பதை "லேசான உணவு" என்கிறோம். வயிறு நிரம்புகிறது, சத்து ஏறுவதில்லை. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதத்தில், மசித்த சாதமும் பருப்பும், மேலே ஒரு சிறு கரண்டி நெய்யுமாகக் கொடுக்க வேண்டும். 6 முதல் 8 மாதம் வரை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளையும், அதற்குப் பிறகு மூன்று நான்கு வேளையும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. அதே சமயம், படுக்கப் போகும்போது கேழ்வரகுக் கூழை வயிறு முட்டப் புகட்டினால் விடியும்வரை உறங்கும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. செரிக்காத வயிற்றோடு புரண்டு அழத்தான் செய்யும்.

யார் எழுவது

பச்சை உடம்புக்காரி தனியாகச் சுமக்க வேண்டிய வேலை அன்று இது. தாய்ப்பாலைத் தாய்தான் கொடுக்க முடியும் என்பது உண்மை. ஆனால் தூக்கிக்கொண்டு வந்து கொடுப்பது, ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, தட்டித் தூங்க வைப்பது ஆகிய நான்கையும் கணவரோ மாமியாரோ செய்யலாம். இதைவிடப் பலன் தருவது இரவைப் பிரித்துக்கொள்வது. எங்கள் வீட்டில் ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு நான் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவேன். ஒரு மணி வரைக்கும் குழந்தை அப்பாவின் பொறுப்பு. இடையில் எழுந்தால் பீய்ச்சி வைத்த பாலை அவர் கொடுப்பார். முதல் வாரம் அவர் ஒவ்வொரு அழுகைக்கும் கதவைத் தட்டினார். பிறகு தட்டவில்லை. துண்டு துண்டான எட்டு மணி நேரத்தைவிடத் தொடர்ந்து கிடைத்த அந்த நான்கு மணி நேரம்தான் என்னை நிமிர வைத்தது. பகலில் குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு என்ற அறிவுரை நல்லதுதான். பாத்திரத்தை வேறு யாராவது தேய்ப்பதாக இருந்தால். மாலை நான்கு மணிக்கு மேல் பில்டர் காபியைத் தவிர்ப்பது சிறிய செயல், ஆனால் பயன் தெரியும்.

கொடுக்கக் கூடாதவையும் மருத்துவரிடம் காட்ட வேண்டியவையும்

சளி மருந்து குடித்தால் குழந்தை நன்றாகத் தூங்குகிறது என்று கண்டுபிடித்து, சளி இல்லாதபோதும் அரைக் கரண்டி ஊற்றுவது சில வீடுகளில் நடக்கிறது, அது ஆபத்து. வசம்பை உரைத்துப் புகட்டுவதும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. ஆறு மாதத்துக்குள் தண்ணீர்கூடத் தேவையில்லை.

24 மணி நேரத்தில் ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தாலும், எடை ஏறாமல் நின்றாலும், பால் குடிக்கும்போது வியர்த்து மூச்சு வாங்கினாலும், உறக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தாலும், படுக்க வைத்தாலே காதைப் பிடித்துக்கொண்டு அழுதாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 பாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. தாய்க்கும் இதே அக்கறை வேண்டும். குழந்தை உறங்கினாலும் தன்னால் உறங்க முடியவில்லை, எதிலும் ஒட்டவில்லை, காரணமின்றி அழுகை வருகிறது என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதைச் சோர்வு என்று தள்ளிவிடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

குறைக்கத் தொடங்கும்போது

மாவுப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஆறு மாதத்துக்குப் பிறகும், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஒரு வயதை ஒட்டியும், எடை நன்றாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு இரவுப் பாலைக் குறைக்கத் தொடங்கலாம். பல் முளைத்த பிறகு புட்டியை வாயில் வைத்தபடியே உறங்குவது பல்லைச் சொத்தையாக்கும் என்பதால், புட்டிக்காரர்கள் இதை ஒத்திப்போடக் கூடாது. காய்ச்சல், தடுப்பூசி போட்ட வாரம், ஊர்ப் பயணம் ஆகியவற்றைத் தவிர்த்து நாள் பார்க்க வேண்டும்.

முன்பு எழுதிய குறிப்பை எடுத்துப் பார்த்தால், ஐந்து நிமிடத்துக்குள் முடியும் பால் எது என்று தெரியும். அது பசிக்கான பால் அன்று. அதை விட்டுவிட்டுத் தட்டிக்கொடுத்தே உறங்க வைக்கலாம். அந்த வேலைக்குத் தாய் போனால் குழந்தை பால் வாசனைக்கு அழும், அப்பா போவதே நல்லது. நீளமான பாலை இரண்டு இரவுக்கு ஒரு முறை இரண்டு நிமிடமாகவோ, புட்டியானால் 20 மில்லியாகவோ குறைத்துக்கொண்டு வந்தால் பத்து நாளில் அந்த விழிப்பு சுருங்கிவிடும். மார்பில் வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் மறக்கடிப்பது பழைய வழக்கம். குழந்தை மிரளும், தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும்.

படிப்படியாகக் குறைத்தாலும், அந்தப் பாலை நிறுத்திய முதல் இரண்டு மூன்று இரவுகளில் குழந்தை அயர்ந்து உறங்கும்; வழக்கமான நேரத்துக்கு மார்பு கனத்து, ரவிக்கை நனைந்து, தாய்தான் விழித்துக்கொள்வாள். அப்போது குழந்தையை எழுப்ப வேண்டாம். வலி தணியும் அளவுக்கு மட்டும் கையால் சிறிது பீய்ச்சிவிட்டு, முழுவதும் காலி செய்யாமல், ஈரத்துணியை ஒத்தடமாக வைத்துக்கொண்டு படுக்க வேண்டும். முழுவதும் காலி செய்தால் மறுநாள் அதே நேரத்துக்கு அதே அளவு சுரந்து நிற்கும்.